பழைய கார் எஞ்சினில் கூலண்ட் குறைகிறதா?

கிளாசிக் வாகனத் திட்டத்தில் பதிவான கார் சிங்கப்பூரில் ஆண்டுக்கு 45 நாள்தான் சாலைக்கு வரலாம். மற்ற நாளெல்லாம் சும்மா நிற்பதால் ரப்பர் ஹோஸும் சீலும் காய்ந்து, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் கசியத் தொடங்கும்.

எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பிறகே கசிவைத் தேடுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. மூடி இருக்கும் இடத்தில் பிரஷர் டெஸ்டரை (அழுத்தம் காட்டும் முள்ளோடு கூடிய கைப்பம்பு) பொருத்தி, மூடியில் அச்சிட்டிருக்கும் அளவு வரை மட்டும் காற்று ஏற்றுங்கள். பழைய கார்களில் 7 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) மூடி சாதாரணம். அதற்குமேல் ஏற்றினால் ரேடியேட்டரின் ஈயப் பற்றே விட்டுவிடலாம்.

பத்து நிமிடத்தில் டெஸ்டரின் முள் இறங்கினால், ஹோஸ் முனைகள், எஞ்சின் பக்கவாட்டிலுள்ள கோர் பிளக் (வட்டமான உலோக அடைப்பு), தண்ணீர் பம்பின் அடியிலுள்ள சிறு துளை எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். காய்ந்த வெள்ளை, பச்சைக் கறையும் கசிவின் தடயம்தான். துளை ஈரமாக இருந்தால் பம்பின் சீல் போய்விட்டது, பம்பை மாற்றுங்கள். துளையை மட்டும் அடைத்துவிடாதீர்கள், தண்ணீர் பேரிங்குக்குள் போய்விடும். ஹோஸ் என்றால் கிளிப்பை முறுக்குவதோடு நிற்காமல் புதிதாகவே போடுங்கள். வெளியே ஈரமே இல்லையா? எஞ்சினின் மேல்பாகத்துக்கு அடியிலுள்ள சீலான ஹெட் கேஸ்கெட் போய், உள்ளேயே கசியலாம்; ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

நம்மூரில் தண்ணீர் உறையாது, சரி. ஆனாலும் துருவைத் தடுக்கக் கூலண்ட் கட்டாயம் வேண்டும். சிந்தியதை உடனே துடைத்தெடுங்கள். இனிப்பான நஞ்சு அது, பூனை நக்கினால் செத்துவிடும்.