எண்ணெய்க்காகவா, எல்லைக்காகவா?

எங்கேயாவது இரண்டு அண்டை நாடுகள் மோதிக்கொண்டால் மறுநாளே நம்மிடையே இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். "எல்லாம் எண்ணெய்க்காகத்தான்" என்பது ஒன்று, "பாதுகாப்புக்கு வேறு வழியில்லை" என்பது இன்னொன்று. நானும் பல வருடம் முதல் கட்சியில்தான் இருந்தேன். பணக் கணக்கும் பாதுகாப்புக் கணக்கும் வேறு வேறு ஏடுகளில் எழுதப்படுகின்றன என்று நினைப்பதுதான் இரண்டு கட்சிகளும் செய்யும் தவறு.

1990இல் இராக் குவைத்துக்குள் நுழைந்ததை எடுத்துக்கொள்வோம். ஈரானோடு எட்டு வருடம் போரிட்டு ஓய்ந்திருந்த இராக், குவைத்துக்கு மட்டும் ஏறத்தாழ 1,400 கோடி டாலர் கடன்பட்டிருந்தது. குவைத்தோ, எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக் வகுத்த ஒதுக்கீட்டை மீறி எண்ணெய் எடுத்தது, விலை சரிந்தது. கடனில் மூழ்கியிருந்த பாக்தாத், இதைத் தன்மீது தொடுக்கப்பட்ட பொருளாதாரப் போர் என்றே சொன்னது.

இதோடு நிறுத்தினால் 'எண்ணெய்ப் போர்' என்று கதையை முடித்துவிடலாம். வரைபடத்தையும் கொஞ்சம் பாருங்கள். இராக்கின் கடற்கரை சுமார் 58 கிலோமீட்டர்தான். கடலுக்குப் போகும் வழியான ஷத் அல்-அரப் ஆறு முந்தைய போரில் மூழ்கிய கப்பல்களால் அடைபட்டுக் கிடந்தது. மிச்சமிருந்த உம் காஸர் துறைமுகத்துக்குப் போகும் நீர்வழியை ஒட்டி குவைத்தின் வார்பா, புபியான் தீவுகள். சரக்குக் கப்பலும் அந்த வழியில்தான் போக வேண்டும், போர்க்கப்பலும் அதே வழியில்தான். அந்தத் தீவுகளை எந்த ஏட்டில் எழுதுவீர்கள்? (இதையெல்லாம் சொன்னால் ஆக்கிரமிப்புக்கு வக்காலத்து வாங்குவதாகச் சிலர் சண்டைக்கு வருவார்கள். காரணம் வேறு, நியாயம் வேறு.)

பூமிக்கடியில் ஏதோ இருக்கிறது என்ற பேச்சு எழுந்தாலே, போர் அதற்காகத்தான் என்று முடிவு கட்டுவது அடுத்த தவறு. 1932 முதல் 1935 வரை பொலிவியாவும் பராகுவேயும் சாக்கோ வறண்ட நிலத்துக்காகப் போரிட்டன. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் மடிந்தார்கள். பின்னால் எண்ணெய் கம்பெனிகள் இருந்ததாக அன்றும் பேசினார்கள், இன்றும் பேசுகிறார்கள். ஆனால் பொலிவியா அறிந்திருந்த எண்ணெய், ஆண்டிஸ் அடிவாரத்தில், ஏற்கெனவே அதன் கையில் இருந்தது. சிலியிடம் கடற்கரையை இழந்திருந்த அந்த நாட்டுக்கு, பராகுவே ஆற்றின் வழியே அட்லாண்டிக்கை எட்ட வேண்டும் என்ற தவிப்பும் இருந்தது. இழந்த மானத்தை மீட்கும் வெறியையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

வர்த்தகம் இருந்தால் போர் வராது, போர் வந்தால் வர்த்தகம் நிற்கும் என்ற நம்பிக்கைதான் எனக்கு மிகவும் விசித்திரமாகப் படுகிறது. 2010இல் ரஷ்யாவும் உக்ரைனும் கார்கிவ் நகரில் ஓர் ஒப்பந்தம் போட்டன. கிரிமியாவின் துறைமுக நகரமான செவாஸ்டோபோலில் ரஷ்யக் கடற்படை 2042 வரை இருக்கலாம். அதற்கு ஈடாக ஆயிரம் கனமீட்டர் எரிவாயுவுக்கு 100 டாலர் வரை தள்ளுபடி. கடற்படைத் தளத்துக்கான வாடகை எரிவாயு பில்லில் கழிந்தது. 2014இல் கிரிமியாவையே இணைத்துக்கொண்ட மாஸ்கோ, தளம் இனி நம்முடையது, தள்ளுபடி எதற்கு என்று அதை ரத்து செய்தது. உக்ரைனுக்கான எரிவாயு விலை சில நாட்களில் 485 டாலரைத் தொட்டது.

அதைவிட வேடிக்கை பிறகு நடந்தது. 2022 பிப்ரவரியில் முழுப்போர் தொடங்கிய பின்னும், ரஷ்ய எரிவாயு உக்ரைன் வழியாக ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டே இருந்தது. அதைக் கடத்தித் தருவதற்கான கட்டணம் கீவுக்கு, அதாவது உக்ரைன் அரசுக்குத்தான். 2024 ஆகஸ்டில் உக்ரைன் படை எல்லை தாண்டி ரஷ்யாவுக்குள் நுழைந்து, அந்த எரிவாயுவை அளக்கும் நிலையம் இருந்த சுட்ஜா ஊரைக் கைப்பற்றியது. சுற்றிலும் குண்டு வெடித்தது. குழாயில் வாயு ஓடியது. 2025 ஜனவரி 1 அன்றுதான், 2019இல் போட்ட ஐந்தாண்டு ஒப்பந்தம் காலாவதியாகி, கீவ் அதைப் புதுப்பிக்க மறுத்த பிறகு, அந்த ஓட்டம் நின்றது.