சிம், கேபிள் பிரச்சனையா? டிராய்க்குப் புகார் எழுதும் முன் இதைப் படியுங்கள்

கேட்காத பேக்குக்குக் காசு பிடித்துவிட்டால் உடனே "டிராய்ல புகார் போடுறேன்" என்று கிளம்புகிறவர்கள் நிறைய. டிராய் என்பது தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் மத்திய ஆணையம். அங்கே புகார் போட்டாலும் அதைச் சம்பந்தப்பட்ட கம்பெனிக்கே அனுப்பிவிடுவார்கள், ஏனென்றால் 1997-ல் வந்த டிராய் சட்டம் தனி ஆளின் புகாரை விசாரிக்கும் அதிகாரத்தை அதற்குக் கொடுக்கவில்லை. கட்டண விதி, சேவைத் தரம், அரசுக்குப் பரிந்துரை, இவைதான் அதன் வேலை. 2004 முதல் கேபிளும் டிடிஹெச்சும் அதன் கீழ் வந்தன.

சரி, அப்போது எங்கே போவது? முதலில் கம்பெனியின் கஸ்டமர் கேர். பேசி முடித்ததும் புகார் எண்ணைக் கேட்டு வாங்காமல் போனை வைக்காதீர்கள், அது இல்லாவிட்டால் நீங்கள் பேசியதற்கே சாட்சி கிடையாது. மொபைல், இன்டர்நெட் விஷயத்தில் அவர்கள் சரிசெய்யவில்லை, அல்லது சொன்ன பதில் திருப்தியாக இல்லை என்றால் 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். பைசா செலவில்லை, வக்கீலும் வேண்டாம், 39 நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்லியாக வேண்டும். பலர் இந்தப் படி இருப்பதே தெரியாமல் கஸ்டமர் கேரோடு மல்லுக்கட்டி ஓய்ந்துபோகிறார்கள். அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் நுகர்வோர் நீதிமன்றம் இருக்கிறது. தொலைத்தொடர்பு வழக்கு அங்கே செல்லாது என்று கம்பெனிகள் ரொம்ப நாள் வாதாடின, செல்லும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கேபிள், டிடிஹெச் என்றால் கஸ்டமர் கேருக்கு அடுத்து அந்த நிறுவனம் புகார்களைக் கவனிக்க மாநிலத்துக்கு நியமித்திருக்கும் நோடல் அதிகாரி. "இந்தப் பேக்தான் இருக்கு, வேணும்னா எடுத்துக்கோங்க" என்று ஆபரேட்டர் சொன்னால் தலையாட்ட வேண்டாம். டிராய் 2017-ல் போட்டு 2019-ல் நடைமுறைக்கு வந்த விதிப்படி ஒவ்வொரு கட்டணச் சேனலுக்கும் தனி விலை உண்டு, வேண்டியதை மட்டும் தனித்தனியாக எடுக்கலாம். உண்மையைச் சொன்னால், நிறையச் சேனல் பார்க்கும் வீட்டுக்குப் பேக்கே மலிவாக முடியும், கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

சீரியலிலோ செய்தியிலோ வந்தது பிடிக்கவில்லையா? அது டிராய் பக்கமே வராது. முதலில் அந்தச் சேனலுக்கு எழுதுங்கள், 2021 விதிப்படி 15 நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும், அப்புறம் சேனல்களின் சுய ஒழுங்குமுறை அமைப்பு, கடைசியாகத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம்.

விளம்பரக் கால் தொல்லைக்கு 1909 என்ற எண்ணில் பதிவு செய்யுங்கள், அதையும் மீறி வந்தால் டிராயின் டிஎன்டி (தொந்தரவு செய்யாதே) ஆப்பில் புகார் கொடுக்கலாம்.

இன்னொன்று. "டிராயிலிருந்து பேசுகிறோம், இரண்டு மணி நேரத்தில் உங்கள் சிம்மைத் துண்டிக்கப் போகிறோம்" என்று கால் வந்தால் அது மோசடி. டிராய் யாருடைய சிம்மையும் துண்டிப்பதில்லை. பேச்சுக் கொடுக்காமல் கட் பண்ணிவிட்டு, அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் மோசடிக் கால்களைத் தெரிவிக்க உள்ள சக்ஷு பகுதியில் அந்த எண்ணைப் பதியுங்கள், பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அடியுங்கள்.