மெலிந்த மடிகணினியை நிறுத்துப் பார்த்தல்: திருகோணமலையில் வேலைக்காக வாங்குவோருக்கு

கடையில் விற்பனையாளர் இரண்டு விரலால் தூக்கிக் காட்டும் மடிகணினியின் எடை வேறு, நாம் தோளில் போட்டுக்கொண்டு மூதூருக்கும் கந்தளாய்க்கும் போகும் பையின் எடை வேறு. ஆகவே புதிய கருவி வாங்கும் எண்ணம் வந்தவுடன் முதலில் செய்யவேண்டியது, இப்போது தூக்கித் திரியும் பையை அப்படியே கொண்டுபோய், மரக்கறிக் கடைத் தராசிலாவது வைத்து நிறுத்துப் பார்ப்பதுதான்.

நான் கட்டட வரைபடங்கள் தயாரிக்கும் படவரைஞன். உவர்மலையில் வீட்டோடு சேர்ந்த சிறிய அலுவலகம். வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் கட்டட வேலை நடக்கும் இடங்களுக்கு மோட்டார் சைக்கிளில் பயணம். 1.6 கிலோகிராம் எடையுள்ள பழைய கருவியைக் கொடுத்துவிட்டு 1.2 கிலோகிராம் எடையுள்ள மெல்லிய கருவி ஒன்றை வாங்கினேன். பழையதற்குச் சார்ஜரும் மவுஸும் போதுமாக இருந்தன. புதியதற்கோ, அவற்றுக்கு மேலாக, யூஎஸ்பி-சி துளையிலிருந்து மற்றத் துளைகளைப் பிரித்துத் தரும் ஹப் ஒன்றும், உள்ளே இடம் போதாமையால் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றும் தேவைப்பட்டன. இரண்டு பைகளும் தராசில் 2 கிலோகிராமை ஒட்டியே நின்றன. கருவியிலிருந்து கழற்றப்பட்ட எடை பையின் வேறொரு அறைக்குள் வந்து குந்திக்கொண்டது என்பதைக் காசு கொடுத்த பிறகுதான் விளங்கிக்கொண்டேன்.

இதனால் மெல்லிய கருவியே கூடாது என்று சொல்ல வரவில்லை. குறைக்கப்பட்ட ஒவ்வொரு கிராமும் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைக் கேட்டறிந்து, அந்தப் பொருள் நமது ஊரில், நமது தொழிலில், எவ்வளவு தேவைப்படுகிறது என்று கணக்குப் பார்த்து வாங்கவேண்டும் என்பதே என் நிலைப்பாடு.

மெலிவும் இலேசும் ஒன்றல்ல

இவ்விரண்டையும் பலர் ஒன்றாகவே எண்ணுகிறார்கள். எடையைக் குறைப்பதற்கு, மெலிய வைக்காமலே வழி உண்டு: அலுமினியத்தின் அடர்த்தி ஒரு கன சென்ரிமீற்றருக்கு 2.7 கிராம், மக்னீசியத்தின் அடர்த்தி 1.74 கிராம், ஆகவே மக்னீசியக் கலப்புலோகத்தால் உடலைச் செய்தால், உள்ளே இடம் விட்டும் எடையைக் குறைக்கலாம். 2019இல் வந்த ‘எல்ஜி கிராம்’ என்ற மடிகணினி 17 அங்குலத் திரையோடு 1.34 கிலோகிராம் மட்டுமே இருந்தது. மெலிவு அப்படியல்ல. அது விசிறியின் உயரத்தையும், விசைகளின் ஆழத்தையும், துளைகளின் எண்ணிக்கையையும், கழற்றிப் பூட்டும் வசதியையும் நேரடியாகத் தின்றுவிடுகிறது. தோளுக்கு இலேசு வேண்டும். மெலிவு பெரும்பாலும் கண்ணுக்கே வேண்டியிருக்கிறது. ஆகவே விவரத்தாளில் மில்லிமீற்றரை விட்டுவிட்டுக் கிராமைப் பாருங்கள்.

2008 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜொப்ஸ் ஒரு காகித உறைக்குள்ளிருந்து மக்புக் எயார் மடிகணினியை உருவி எடுத்துக் காட்டியபோது உலகமே கைதட்டியது. அந்தக் கருவியில் இருந்தது ஒரேயொரு யூஎஸ்பி துளை, வலையமைப்பு வயர் செருகும் துளை இல்லை, பற்றரியை வெளியிலிருந்து கழற்ற வழியில்லை. அதே நிறுவனம் 2016இல் தன் தொழில்முறைக் கருவிகளிலிருந்து ஹெட்போன் துளையைத் தவிர ஏனைய துளைகளை நீக்கி யூஎஸ்பி-சியை மட்டும் விட்டுவைத்தது; பின்னர் 2021இல், வெளித்திரையை இணைக்கும் எச்டிஎம்ஐ துளையையும் எஸ்டி அட்டைத் துளையையும் திரும்பக் கொண்டுவந்தது. அப்போது 16 அங்குலக் கருவியின் தடிப்பு 16.2 மில்லிமீற்றரிலிருந்து 16.8 மில்லிமீற்றராகக் கூடியது. மெலிவின் விலையைச் செய்தவர்களே உணர்ந்துகொண்ட இடம் அது.

வெப்பம்: நமது ஊரின் தனிக் கணக்கு

கணினியின் மூளையான புரொசசர் என்ற சில்லு ஏறத்தாழ 100 பாகை செல்சியஸை எட்டும்போது, தன்னைக் காத்துக்கொள்வதற்காக வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். உள்ளே உண்டாகும் சூடு எவ்வளவு விரைவாக வெளியேறும் என்பது, சில்லின் வெப்பத்துக்கும் சுற்றியுள்ள காற்றின் வெப்பத்துக்கும் இடையிலான இடைவெளியைப் பொறுத்தது. குளிரூட்டிய அறையில் 22 பாகை என்றால் அந்த இடைவெளி 78. கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில், கட்டி முடியாத வீடொன்றின் விறாந்தையில் 35 பாகை என்றால் அது 65. அதாவது அதே விசிறி, அதே வேகத்தில் சுழன்றும், ஆறில் ஒரு பங்கு குறைவான சூட்டையே வெளியே தள்ளும். அந்த அளவுக்குப் புரொசசர் தன் உழைப்பைச் சுருக்கவேண்டியிருக்கும். தடித்த கருவியில் பெரிய விசிறியும் அகன்ற செப்புக் குழாயும் இருப்பதால் இந்த இழப்பைத் தாங்கிக்கொள்ளக் கொஞ்சம் சேமிப்பு உண்டு. மெல்லிய கருவி குளிரூட்டிய அறையிலேயே எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்பது.

விசிறியே இல்லாத கருவிகளின் நிலை இதைவிடக் கடினம். அவற்றில் உடலின் மேற்பரப்பே சூட்டை வெளியேற்றுகிறது. அந்தப் பரப்பு, மடியில் வைப்பவரின் தோலைச் சுடக்கூடாது. அது 45 பாகையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும்படி ஒரு கருவி அமைக்கப்பட்டிருந்தால், 22 பாகை அறையில் அதற்குக் கிடைக்கும் இடைவெளி 23. 35 பாகை விறாந்தையில் கிடைப்பது 10 மட்டுமே. பாதிக்கும் கீழே. கணக்கு வழக்கு, கடிதம், மின்னஞ்சல் ஆகியவற்றுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. அவை புரொசசரை விட்டுவிட்டே அழைக்கின்றன. கோடு கீறும் வேலையிலும் பெரிய வேறுபாடு தெரியாது. ஆனால் முப்பரிமாணப் படத்தை வெளியெடுக்கும் வேலை, வீடியோத் தொகுப்பு, ட்ரோன் படங்களை ஒன்றாக ஒட்டும் வேலை என்று அரை மணி நேரத்துக்கு மேல் விடாது ஓடும் எதிலும், முதல் சில நிமிடங்கள் பறந்துவிட்டுப் பின்னர் தவழத் தொடங்கும்.

புரொசசரின் பெயரைப் பார்த்து இதை அறிய முடியாது என்பதுதான் பலரை ஏமாற்றும் இடம். ஒரே பெயருள்ள புரொசசரை இரண்டு உடல்களுக்குள் வைக்கும்போது, தொடர்ந்து எத்தனை வாற் மின்சாரத்தை உண்ணலாம் என்பதை உற்பத்தியாளரே உடலுக்கு ஏற்றபடி தீர்மானிக்கிறார். ஆகவே கடையில் சினிபெஞ்ச் போன்ற சோதனை மென்பொருளை ஓடவிட்டுப் பாருங்கள்: ஒரு முறை ஓட்டிய புள்ளியைக் குறித்துக்கொண்டு, இருபது நிமிடங்கள் தொடர்ச்சியாக ஓட்டியபின் கிடைக்கும் புள்ளியோடு ஒப்பிடவேண்டும். குளிரூட்டிக்குக் கீழே மேசை போட்டிருந்தால், கருவியை வாசற்பக்கம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும், பணம் உங்களுடையது.

பற்றவைத்த ராமும் திறக்க முடியாத அடிப்பக்கமும்

மெல்லிய கருவிகளில் ராம், அதாவது வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம், பெரும்பாலும் மதர்போர்ட் எனப்படும் முதன்மைப் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். இடத்தைச் சேமிப்பது மட்டுமே இதற்குக் காரணமல்ல. குறைந்த மின்சாரத்தில் வேகமாக ஓடும் எல்பிடிடிஆர் வகை ராம், புரொசசருக்கு மிக அருகில் இருக்கவேண்டியது. அதனால் பற்றரி கூடுதல் நேரம் நிற்கிறது என்பதும் உண்மை. கழற்றக்கூடிய எல்பிகாம்2 என்ற புதிய வடிவம் 2024இல் லெனோவோ திங்க்பாட் பி1 போன்ற சில கருவிகளில் வந்திருக்கிறது, எனினும் நமது கடைகளில் அதைத் தேடி அலைவதில் பயனில்லை. கேட்கவேண்டிய கேள்வி எளியது: பற்றவைத்ததா, செருகியதா? விற்பனையாளருக்குத் தெரியாவிட்டால், விண்டோஸ் 11இன் டாஸ்க் மனேஜரில் நினைவகப் பகுதியைத் (Memory) திறந்து, வடிவம் (Form factor) என்ற வரியைப் பாருங்கள். சோடிம் (SODIMM) என்றிருந்தால் செருகியது. சில்லுகளின் வரிசை (Row of chips) என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் பற்றவைத்தது. பற்றவைத்தது என்றால், இன்று தேவைப்படும் ராமை வாங்காதீர்கள், ஐந்து ஆண்டுகளின் பின் தேவைப்படக்கூடியதை இன்றே வாங்குங்கள். வரைபட வேலைக்கு 16 ஜிபிக்குக் குறைந்த பற்றவைத்த ராம் உள்ள கருவியை நான் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை.

பாவித்த கருவி வாங்குவோருக்கு ஒரே வரிசையில் வந்த இரண்டு கருவிகள் நல்ல பாடம். 2018இல் வந்த திங்க்பாட் டி480இல் ராமுக்கு இரண்டு துளைகளும், பின்புறத்தில் கையாலேயே கழற்றக்கூடிய பற்றரியும் இருந்தன. அடுத்த ஆண்டு வந்த டி490 மெலிந்தது. ராமின் ஒரு பகுதி பற்றவைக்கப்பட்டு ஒரு துளை மட்டும் மிஞ்சியது, வெளிப்பற்றரி போய்விட்டது. 2022இல் நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்சாரம் நின்ற மாதங்களில், மேலதிகப் பற்றரி ஒன்றைப் பையில் வைத்திருந்த டி480காரரை நான் பொறாமையோடு பார்த்தது உண்டு.

திறந்து பழுது பார்ப்பதில் நமக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது, அது பஸ் கட்டணம். என் மெல்லிய கருவியின் சார்ஜ் துளை இரண்டரை ஆண்டில் கெட்டது. பழைய கருவியில் அந்தத் துளை சிறு வயரின் நுனியில் தனியாக இருந்தது. அதை நகரிலேயே ஒரு பிற்பகலில் மாற்றித் தந்திருந்தார்கள். புதியதில் துளை மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டிருந்ததால், ஏறத்தாழ 260 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்புக்கு அனுப்பவேண்டியதாயிற்று. திரும்பி வர பதினொரு நாட்கள். அந்தப் பதினொரு நாட்களின் வேலையை, எத்தனை கிராம் குறைவுக்கு ஈடாக வைப்பது என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. ஆகவே உத்தரவாதச் சேவை எந்த ஊரில் கிடைக்கும் என்பதைக் கேட்டு, பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

துளை, உப்பு, மணல்

யூஎஸ்பி-சி துளைக்குள் 24 தொடுமுனைகள் அரை மில்லிமீற்றர் இடைவெளியில் நெருக்கமாக நிற்கின்றன. கடற்காற்றின் உப்பும் மாரிகால ஈரமும் அங்கே படிந்தால் துரு ஏற நீண்ட காலம் எடுக்காது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விடுதிகளில் வேலை செய்வோருக்கு இதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அவர்களது கதவுப் பிணைச்சல்களே சொல்லும். சார்ஜ் செய்யக்கூடிய துளை ஒன்றே ஒன்று உள்ள கருவியைக் கரையோரத்தில் வாங்கவேண்டாம். இரண்டு இருந்தால், அதுவும் இரு பக்கமும் ஒவ்வொன்றாக இருந்தால், ஒன்று போனாலும் வேலை நிற்காது. இராணுவத் தரம் என்ற முத்திரையைக் காட்டினால் மயங்கவேண்டாம். எம்ஐஎல்-எஸ்டிடி-810 என்பது பல சோதனைகளின் தொகுதி. எவற்றைச் செய்வது என்பதை உற்பத்தியாளரே தெரிவுசெய்கிறார். உப்புமூட்டச் சோதனைக்கு அதில் 509 என்ற எண் இருக்கிறது. செய்த சோதனைகளின் பட்டியலில் அது உண்டா என்று பாருங்கள்.

பாடசாலைகளிலும் அரச அலுவலகங்களிலும் விளக்கவுரை செய்பவர்கள், அங்குள்ள புரொஜெக்டர்களில் இன்னமும் பழைய விஜிஏ வயர் தொங்குவதை நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். மெல்லிய கருவிகள் பெரும்பாலும் அதை நேராக ஏற்பதில்லை. மாற்றியை மறந்துவிட்டுப் போனால் கிண்ணியாப் பாலம் தாண்டித் திரும்பி வரவேண்டியதுதான்.

விசைப்பலகையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கடையில் நின்றபடியே ஒரு பக்கம் தட்டச்சு செய்யுங்கள், விரல் நுனி பலகையில் மோதுவதுபோல் இருந்தால் விட்டுவிடுங்கள். 2015 முதல் ஆப்பிள் பாவித்த மிக மெல்லிய விசையமைப்பு, சிறு தூசி புகுந்தாலே சிக்கிக்கொண்டதால் சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது. அவை சந்தையில் பாவித்த கருவிகளாக வரலாம். மணல் நிறைந்த நமது ஊரில் வாங்குவதற்கு ஏற்றவை அல்ல.

யாருக்கு மெல்லியது பொருந்தும்

நாளாந்தம் பஸ்ஸில் நின்றபடி பயணம் செய்து, குளிரூட்டிய அலுவலகத்தில் எழுத்து வேலை செய்பவர், முதுகுவலி உள்ளவர், களத்தில் குறிப்பெடுத்து வீட்டில் வேறு கணினியில் வேலையை முடிப்பவர் ஆகியோருக்கு 1.2 கிலோகிராம் கருவி நியாயமான தெரிவுதான். என்னைப்போல் ஒரே கருவியில் எல்லா வேலையையும் முடிப்பவருக்கு 1.4 முதல் 1.7 கிலோகிராம் வரையுள்ள, அடிப்பக்கத்தைச் சாதாரண திருகாணிகளால் திறக்கக்கூடிய, கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியைக் கழற்றக்கூடிய ஒன்றையே சொல்வேன். எஸ்எஸ்டி கழற்றக்கூடியதாக இருந்தால், மதர்போர்ட் இறந்த அன்றும் வரைபடங்கள் உயிரோடு இருக்கும்.

ஏற்கெனவே மெல்லியதை வாங்கிவிட்டவர்கள், வீட்டில் இருக்கும்போது பின்பக்கத்தை இரண்டு விரல் உயர்த்தி வைத்தால் காற்று உள்ளே போக வழி கிடைக்கும். குளிரூட்டிய அறையிலிருந்து மழைநாள் விறாந்தைக்குக் கொண்டுவந்தால், பையை உடனே திறக்காமல் அரை மணி நேரம் விடுங்கள். குளிர்ந்த உலோகத்தில் ஈரம் வியர்த்துவிடும். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் ஒருபோதும் விட்டுச் செல்லாதீர்கள். எப்போதும் மின்சாரத்தில் செருகியே வேலை செய்பவர்கள், பற்றரியை 80 வீதத்தோடு நிறுத்தும் அமைப்பு இருந்தால் அதை இயக்கி வைக்கவேண்டும்; சூடும் முழு நிரப்பும் சேர்ந்துதான் லிதியம் பற்றரியை விரைவில் கெடுக்கின்றன. மெல்லிய உடலில் பற்றரி வீங்குவதற்கு இடமில்லை, ஆகவே முதலில் டச்பாட் மேலெழும், அல்லது மூடி சரியாக மூடாது. அப்படிக் கண்டால் அன்றைக்கே கருவியை நிறுத்தி, சார்ஜரைக் கழற்றி, எதையும் குத்தாமல் அழுத்தாமல், திறந்து பார்க்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.