பிரெஞ்சு நேர்த்தி, வன்னிச் செலவு

பிரெஞ்சு வீடுகளின் சிக்கனம் வாங்குவதற்கு முன் யோசிப்பதில் தொடங்குகிறது. குறைவாக வாங்குவார்கள், நல்லதாக வாங்குவார்கள், வாங்கியதைத் தினமும் பாவிப்பார்கள். கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ இதைச் செய்ய ஒரு நல்ல தையல்காரரும் கொஞ்சம் பிடிவாதமும் போதும்.

முதலில் அலுமாரி. எல்லா உடுப்பையும் கட்டிலில் கொட்டி, ஒரு வருடமாக உடுத்தாததை ஒதுக்குங்கள். கலியாணச் சீலையும் பட்டு வேட்டியும் இந்தக் கணக்கில் சேரா. மிச்சத்துக்கு ஒன்றோடொன்று பொருந்தும் இரண்டு அடிநிறங்களைத் தெரிவு செய்யுங்கள். கடும்நீலமும் சாம்பலும் யாருக்கும் பொருந்தும். மூன்று காற்சட்டை அல்லது பாவாடை, ஐந்து மேற்சட்டை, எல்லாம் ஒத்துப்போனால் பதினைந்து சோடி கிடைக்கும். பாரிஸில் கறுப்பு அழகுதான். இங்கே அது வெயிலில் சுடும், செம்புழுதியைக் காட்டிக்கொடுக்கும், கெதியில் வெளிறும்.

ஆயத்த உடுப்பைவிடத் தைப்பித்தது நன்றாக இருப்பதற்கு அளவுதான் காரணம். தோள் தையல் தோள் எலும்பின் முனையில் நிற்க வேண்டும். அங்கே பிழைத்தால் விலையுயர்ந்த துணியும் இரவல் போலத் தெரியும். பருத்தித் துணியை ஓரிரவு தண்ணீரில் ஊறவைத்து, காயவிட்டு, மினுக்கிய பிறகே தையல்காரரிடம் கொடுங்கள். ஊறாத துணி 5 வீதம்கூடச் சுருங்கலாம். 2 மீற்றரில் அது 10 சென்ரிமீற்றர். முதல் துவைப்போடு கை குட்டையாவது அதனால்தான். உள்தையலில் ஓர் அங்குலமும் கீழ்மடிப்பில் இரண்டு அங்குலமும் விடச் சொல்லுங்கள். உடம்பு பெருத்தாலும் பிள்ளை வளர்ந்தாலும் உடுப்பு நிற்கும். மிஞ்சிய துண்டைக் கேட்டு வாங்கி வையுங்கள், ஒட்டுப் போட அதே துணி வேண்டும். திருத்தி உடுப்பதில் வெட்கம் எதுவும் இல்லை: பிரான்சில் 2023 முடிவில் உடுப்பு, சப்பாத்துத் திருத்தும் கூலியில் 6 முதல் 25 யூரோ வரை கழிவு கொடுக்கத் தொடங்கினார்கள்.

துவைப்பதில்தான் இங்கே அதிக உடுப்பு பழுதாகிறது. கேத்தில் அடியில் வெள்ளைப் படிவு பிடிக்கும் கிணறு என்றால் தண்ணீரில் கல்சியம் அதிகம். அது கட்டிச் சவர்க்காரத்தோடு சேர்ந்து அழுக்குப் படலமாகித் துணியில் ஒட்டும். வெள்ளை சாம்பலாகும், துவாய் விறைக்கும். அப்படியான தண்ணீருக்குச் சலவைத்தூள் நல்லது. கடைசி அலசலில் ஒரு வாளிக்கு அரைக் கோப்பை வினாகிரி விடுங்கள், ஆனால் குளோரீன் வெளுப்பானோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும். செம்மண் பட்டால் ஈரத்தில் தேய்க்காமல் காயவிட்டுத் தட்டி, பிறகு தோயுங்கள். அந்தச் சிவப்பு இரும்புத் துரு, குளோரீனுக்கு அசையாது. தேசிக்காய்ச் சாறும் உப்பும் பூசி அரைமணி நேரம் விட்டு அலசிப் பாருங்கள்; நிறத்துணி என்றால் முதலில் உள்மடிப்பில் சோதியுங்கள். காயப்போடுவது உட்புறம் வெளியே, நிழலில்.

குசினியில் முதல் பாடம் பழைய பாண். பிரெஞ்சுக்காரர் அதை முட்டைப்பாலில் தோய்த்துப் பொரிப்பார்கள். ஆறு துண்டுக்கு இரண்டு முட்டை, 250 மில்லிலீற்றர் பால், ஒரு மேசைக்கரண்டி சீனி, ஒரு சிட்டிகை உப்பு. பாண் காய்ந்திருக்க வேண்டும், புதுப்பாண் ஊறினால் கையோடு பிய்யும். மாரியில் இங்கே பாண் காயாமல் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே வாங்கிய அன்று மாலையே மிஞ்சியதை வெட்டி, எண்ணெய் இல்லாத தோசைக்கல்லில் மெல்லிய நெருப்பில் உலர்த்துங்கள். பூஞ்சணம் கண்டதை வெட்டி எடுத்தும் சாப்பிடக் கூடாது. பொரிக்க மிதமான நெருப்பு வேண்டும். நெருப்புக் கூடினால் சீனி கருகும், உள்ளே முட்டை பச்சையாக நிற்கும்.

அடுத்தது சலாட் சாறு: ஒரு பங்கு வினாகிரி, மூன்று பங்கு எண்ணெய். உப்பு எண்ணெயில் கரையாது, அதனால் முதலில் வினாகிரியில் கரைத்து, அரைத் தேக்கரண்டி அரைத்த கடுகு சேர்த்து, எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அடியுங்கள். கடுகுதான் இரண்டையும் பிரியாமல் பிடிக்கும். துருவிய கரட்டுக்கும் அவித்த பீற்றூட்டுக்கும் இது அருமை. வெள்ளரி என்றால் பரிமாறும்போது மட்டும் ஊற்றுங்கள், முந்தினால் தண்ணீர் விட்டுவிடும். இரவுக்குப் பூசணிக்காய் சூப்: ஒரு கிலோ பூசணி, ஒரு வெங்காயம், ஓர் உருளைக்கிழங்கு, ஒரு லீற்றர் தண்ணீர், அவித்து மசித்து, இறக்கிய பின் பால்.

ஷோகேசில் பூட்டிய கண்ணாடிக் குவளைகளை வெளியே எடுங்கள். உடைந்தால் உடையட்டும், பூட்டி வைத்தாலும் பயனில்லை.

பாரிஸ் லா ஷப்பலில் இருந்து உறவினர் என்ன வேண்டும் என்று கேட்டால், குளிர்ச்சட்டை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். லினன் துணி கேளுங்கள். வாசனைத் திரவியம் வந்தால் தகரக் கூரை அறையில் வைக்காதீர்கள். சூடும் வெளிச்சமும் அதன் மணத்தை மாற்றும். பெட்டியோடு அலுமாரியின் கீழ்த்தட்டில் வையுங்கள். தோலில் இரண்டு தரம் அடித்தால் போதும், வெள்ளைச் சட்டையில் அடித்தால் கறை விழும்.