84 நாள், 84 மாத்திரை: ஹெபடைடிஸ் சி மருந்தும் நான் விழுங்கிய செட்டு மாத்திரையும்

சோஃபோஸ்புவிர் 400 மில்லிகிராம், வெல்படாஸ்விர் 100, இரண்டும் சேர்ந்து ஒரே மாத்திரை. நாளைக்கு ஒன்று, 12 வாரம். ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி கிருமிக்கு எனக்கு எழுதித் தந்தது இதுதான். நோய் என்ன, எப்படித் தொற்றும் என்பதையெல்லாம் டாக்டர் சொல்லியிருப்பார், அதற்குள் போகவில்லை. 2018ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இந்த மருந்து இலவசம் என்பதையும் சொல்லியிருப்பார்கள். மதுரையில் டப்பாவை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பாம்பன் பாலம் தாண்டி வீட்டுக்கு வந்த பிறகு என்ன செய்வது என்பதுதான் இந்தப் பதிவு. எனக்குத் தங்கச்சிமடத்தில் கருவாட்டு வியாபாரம். ஈரல் சுருக்கம் வரை போகவில்லை. உங்களுக்குச் சுருக்கம் இருந்தால் மருந்தும் நாள் கணக்கும் மாறலாம், அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் நேரத்தைப் பிடியுங்கள்

நான் காலை ஏழு மணிக்கு, வெறும் வயிற்றில் போட்டேன். எட்டு மணிக்குக் களத்தில் நிற்க வேண்டும். வலை விரித்து நெத்திலியும் திருக்கையும் காய்கிற இடம், முப்பது வருஷமாக மூக்குக்குப் பழகிய வாடைதான், ஆனால் நான்காம் நாள் அந்த வாடையில் குமட்டிக்கொண்டு வந்து ஐஸ் பெட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் எட்டு மணிக்கு மாற்றினேன். குமட்டலில் பாதி தூக்கத்தோடு போய்விட்டது. மீதிக்குக் காலையில் கஞ்சி, கொஞ்சம் கொஞ்சமாக, எண்ணெய்ப் பலகாரம் இல்லாமல். ராத்திரி போட்டால் தூக்கம் கெடுகிறது என்பவர்கள் மதியச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளலாம். எந்த நேரமானாலும் சரி, தினமும் அதே நேரம்.

போட்ட மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொரு மாத்திரை போட வேண்டும், அதற்கு மேல் ஆகிவிட்டால் வேண்டாம். மறந்துவிட்டால் 18 மணி நேரத்துக்குள் ஞாபகம் வந்ததும் போட்டுக்கொண்டு, அடுத்ததை வழக்கமான நேரத்தில் போடுங்கள். 18 மணி தாண்டிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டை ஒன்றாக விழுங்கக் கூடாது.

போனில் அலாரம் வைக்கிற ஆட்கள் வையுங்கள். ஏலம் நடக்கும்போது அலாரம் அடித்தால் நான் அமுக்கிவிட்டு மறந்துவிடுவேன். எனக்குக் கைகொடுத்தது தினசரி கிழிக்கிற காலண்டர்தான். மாத்திரை தொண்டையில் இறங்கிய பிறகுதான் தாளைக் கிழிப்பது. தாளுக்குப் பின்னால் அன்றைக்கு என்ன படுத்தியது என்று இரண்டு வரி எழுதி ரப்பர் பேண்டு போட்டு வைத்தேன். டாக்டரிடம் போனபோது அந்தக் கட்டுதான் பேசியது. கட்டம் கட்டமாக இருக்கும் பிளாஸ்டிக் மாத்திரைப் பெட்டி எனக்குப் பிடிக்காது. நம் ஊர் உப்புக்காற்றில் ஆணியே துருப்பிடிக்கிறது, மாத்திரை அதன் டப்பாவிலேயே, ஈரம் உறிஞ்சும் அந்தக் குட்டிப் பொட்டலத்தோடே இருக்கட்டும். ஓட்டு வீட்டுப் பரணில் வேண்டாம், 30 டிகிரிக்குக் கீழே இருக்கிற இடமாகப் பாருங்கள்.

தலைவலி, அசதி

இந்த மருந்தில் அதிகம் பேர் சொல்வது இந்த இரண்டும்தான். சித்திரை வெயிலில் எது மருந்தால் வந்தது, எது தண்ணீர் குடிக்காததால் வந்தது என்று பிரிக்கவே முடியாது. ஒன்றுக்குப் போகும்போது நிறத்தைப் பார்த்தேன், அடர் மஞ்சளாக இருந்தால் உடனே ஒரு சொம்பு தண்ணீர். வெயில் ஏறுவதற்குள் கணக்கு வழக்கை முடித்து, மதியம் ஒரு மணி நேரம் படுத்தேன். (வயிற்றில் நீர் கோத்தவர்கள் தண்ணீர், உப்பு அளவை டாக்டரிடம் கேட்டுத்தான் வைக்க வேண்டும். கருவாடும் அவர்களுக்கு ஆகாது, என் வியாபாரமே ஆனாலும் சொல்கிறேன்.)

நான் சறுக்கிய இடம்

இரண்டாவது வாரம் ஒரு நாள் தலைவலி விடவில்லை. கடைவீதியில் ஒரு மெடிக்கலில் போய், "தலைவலி, வயிறும் ஒரு மாதிரி இருக்கு" என்றேன். வழக்கம்போலப் பேப்பரில் மடித்து செட்டு கொடுத்தார்கள். வெள்ளை ஒன்று, ஆரஞ்சு ஒன்று, மஞ்சளில் சின்னதாக ஒன்று. நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. மூன்று நாள் போட்டேன், வயிறு சுகமாக இருந்தது, சந்தோஷப்பட்டேன்.

அடுத்த முறை மதுரைக்குப் போனபோது மடித்த பேப்பரோடு மிச்சத்தைக் காட்டினேன். டாக்டர் அந்தச் சின்ன மஞ்சளைத் தனியாக எடுத்து வைத்தார். பான்டோப்ரசோல், அதாவது நாம் கேஸ் மாத்திரை என்று சொல்வது. வெல்படாஸ்விர் கரைந்து உடம்பில் ஏற வயிற்றில் புளிப்பு வேண்டும். அந்தப் புளிப்பையே இது அடக்கிவிடும், அப்புறம் மருந்து சரியாக ஏறாது. நான் சுகம் என்று நினைத்த மூன்று நாளும் விழுங்கிய மருந்தில் ஒரு பங்கு வீணாகியிருக்கும். ஆரஞ்சு வலி மாத்திரை, அதையும் நிறுத்தச் சொன்னார். தலைவலிக்குப் பாராசிட்டமால் மட்டும், அதுவும் ஒரு நாளைக்கு 2 கிராமைத் தாண்டாமல்.

நெஞ்செரிச்சல் தாங்கவில்லை என்றால்? குடிக்கிற ஜெலுசில் மாதிரி மருந்துக்கும் இதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். ஒமெப்ரசோல் (இதுவும் கேஸ் மாத்திரைதான்) கட்டாயம் வேண்டுமென்று டாக்டரே சொன்னால், முதலில் சாப்பாட்டோடு இந்த மாத்திரை, நான்கு மணி நேரம் கழித்து ஒமெப்ரசோல் 20 மில்லிகிராம், அதற்கு மேல் இல்லை. நான் மீன் குழம்பில் புளியையும் மிளகாயையும் குறைத்தேன், சாப்பிட்டதும் படுப்பதை விட்டேன், ஒன்றும் தேவைப்படவில்லை.

இதயத் துடிப்புக் கோளாறுக்கு அமியோடரோன், வலிப்புக்கு ஃபெனிட்டாயின் அல்லது கார்பமாசெபின், காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்கள் முதல் மாத்திரைக்கு முன்பே வாய் திறந்து சொல்லிவிடுங்கள். அமியோடரோனோடு சேர்ந்தால் நாடித்துடிப்பு ஆபத்தாகக் குறையும்.

கீழாநெல்லி பற்றி: அத்தை தினமும் அரைத்துக் கொண்டுவந்தார். 84 நாள் கழித்துக் குடிக்கிறேன் என்று சொல்லித்தான் சமாளித்தேன், இன்னும் கோபம் தீரவில்லை.

ரிபாவிரின் என்ற இன்னொரு மருந்தும் சேர்த்துக் கொடுத்திருந்தால்

எனக்கு இல்லை. என்னோடு வரிசையில் நின்ற மண்டபத்து அண்ணன் ஒருவருக்கு இருந்தது. படி ஏறினால் மூச்சு வாங்கியது. அந்த மருந்து ரத்தத்தைக் குறைக்கும், அதனால் இரண்டாம் வாரமும் நான்காம் வாரமும் ஹீமோகுளோபின் பார்த்து அளவைக் குறைத்தார்கள். அரிப்பும் அதில் உண்டு. கடலில் இறங்கினால் நல்ல தண்ணீரில் குளித்து, தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னார்கள். கணவனோ மனைவியோ யார் சாப்பிட்டாலும் சிகிச்சையின்போது கர்ப்பம் ஆகக் கூடாது, முடிந்த பிறகும் கணவன் சாப்பிட்டிருந்தால் ஆறு மாதம், மனைவி சாப்பிட்டிருந்தால் ஒன்பது மாதம் வரை ஆகக் கூடாது, இதில் விளையாட வேண்டாம்.

கண் மஞ்சளித்தல், கறுப்பு மலம், ரத்த வாந்தி, பேச்சு குழறுதல், மயக்கம் இதில் எது வந்தாலும் காலண்டரில் எழுதிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பின்சேர்த்தது: பெரியபட்டினத்திலிருந்து ஒரு அக்கா கேட்டார், சுகர் திடீரென்று இறங்கிக் கை நடுங்குகிறதாம். கிருமி குறையக் குறைய சிலருக்குச் சர்க்கரை தானாக இறங்கும், அப்போது பழைய அளவு சுகர் மாத்திரை அதிகமாகிவிடும். தொடங்கும்போதே அடிக்கடி சுகர் பாருங்கள், அளவை மாற்றுவது டாக்டர் வேலை.

இன்னொன்று: கீழக்கரைத் தம்பி ஒருவர் மருந்து முடித்து, 12 வாரம் கழித்து எடுத்த டெஸ்டில் கிருமி இல்லை என்று வந்த பிறகும், வெளிநாட்டு வேலைக்கான மெடிக்கலில் பாசிட்டிவ் என்று வந்ததாகப் பதறிப் போன் செய்தார். அது ஆன்டிபாடி டெஸ்ட், அதாவது கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கியதைப் பார்ப்பது. கிருமி போனாலும் அது பெரும்பாலும் பாசிட்டிவாகவே இருக்கும். கிருமியையே நேராகத் தேடும் ஆர்என்ஏ அளவு பார்த்த ரிப்போர்ட்தான் கணக்கு. அதை லேமினேட் செய்து வைத்துக்கொள்ளச் சொன்னேன், என்னுடையதும் அப்படித்தான் கல்லாப்பெட்டியில் இருக்கிறது.