சுயேச்சை வேட்பாளருக்கு மக்களவைத் தேர்தல் வேலை பார்ப்பது எப்படி?

தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் அடங்கும். 2024 கணக்குப்படி சராசரியாக 16 லட்சம் வாக்காளர்கள், சுமார் 1,750 வாக்குச்சாவடிகள். கட்சி இல்லாத, முதல்முறை நிற்கிற ஒருவருக்காகக் களத்தில் இறங்குவோர் இந்த எண்களை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். பஞ்சாயத்துத் தேர்தலில் வேலை பார்த்த பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தால் மூன்றாம் நாளே ஆட்கள் ஓய்ந்துபோவார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2024-ல் வேட்புமனுவைத் திரும்பப் பெறக் கடைசி நாள் மார்ச் 30. அன்றைக்குத்தான் சுயேச்சைகளுக்குச் சின்னம் கிடைத்தது. பிரச்சாரம் ஏப்ரல் 17 மாலை ஓய்ந்தது. சின்னத்தோடு வீதியில் நடக்கக் கிடைத்தது பதினெட்டு நாள். இருவர் கொண்ட ஒரு ஜோடி, மாலையில் இரண்டரை மணி நேரம், வீட்டுக்கு ஐந்து நிமிடம் என்று போனால் 30 வீடு முடிப்பார்கள். இப்படி நூறு ஜோடி தினமும் நடந்தால் பதினெட்டு நாளில் 54,000 வீடு. வீட்டுக்கு மூன்று ஓட்டு என்றால் 1.62 லட்சம் பேர், அதாவது தொகுதியில் பத்தில் ஒரு பங்கு. அதிலும் பூட்டிய வீடுகளைக் கழிக்க வேண்டும். டெபாசிட் திரும்பக் கிடைக்கவே, செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வேண்டும் (நோட்டா இந்தக் கணக்கில் சேராது). 11 லட்சம் வாக்கு பதிவானால் அதற்கே 1.83 லட்சத்துக்கு மேல் தேவை.

ஆகவே எங்கள் கருத்தில், முதல் முடிவு எந்தப் பகுதியை விடுவது என்பதுதான். வேட்பாளர் ஊரறிய வேலை செய்த ஒன்றிரண்டு சட்டமன்றத் தொகுதிகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் 200 முதல் 300 வாக்குச்சாவடிகளைப் பெயர் பெயராகக் குறித்து, அங்கே மட்டும் வீடு வீடாகப் போங்கள். மற்ற இடங்களுக்கு வேன் பிரச்சாரமும் துண்டறிக்கையும் போதும். ஆறு தொகுதியிலும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுவிட்டு வந்தால் எந்தத் தெருவிலும் முகம் பதியாது.

அறிவிப்புக்கு முன்பே செய்யவேண்டியவை

சின்னம் இல்லாமலும் ஆளை அறிமுகப்படுத்தலாம். ஆறு மாதம் முன்பே தெருமுனைக் கூட்டங்களைத் தொடங்குங்கள். கூடவே வாக்காளர் பட்டியல் வேலையைக் கையிலெடுங்கள். பெயர் இல்லாதவருக்குப் படிவம் 6, முகவரி மாறியவருக்குப் படிவம் 8. வேட்புமனுவின் கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்புவரை வந்த விண்ணப்பங்களே அந்தத் தேர்தலுக்குச் சேரும். பெயர் சேர்த்துக் கொடுத்த ஆளை அந்தக் குடும்பம் மறப்பதில்லை. ஓட்டு கேட்காமலேயே வீட்டுக்குள் நுழைய இதைவிட நேர்மையான வழி கிடையாது.

அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளின் வேட்பாளர்களுக்குப் பட்டியல் இலவசமாக வரும், சுயேச்சைக்கு வராது. தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் பாகம் (ஒரு சாவடிக்கான பட்டியல்) வாரியாக இறக்கிக்கொள்ளுங்கள். தேர்ந்தெடுத்த சாவடிகளுக்கு மட்டும் அச்செடுத்து, தெரு வாரியாகப் பிரித்து, ஜோடிக்கு ஒரு கட்டு கொடுங்கள். பேசியாயிற்று, வீடு பூட்டு, மறுபடி வரச் சொன்னார்கள் என்ற மூன்று குறிகள் போதும். அதற்கு மேல் எழுதச் சொன்னால் இரண்டாம் நாளே எழுதுவதை நிறுத்திவிடுவார்கள்.

வேட்புமனு: பலர் கவிழும் இடம்

வேட்பாளருக்கு 25 வயது நிறைந்திருக்க வேண்டும். இந்தியாவின் எந்த மக்களவைத் தொகுதியிலும் வாக்காளராக இருக்கலாம்; வெளித்தொகுதிக்காரர் என்றால் பட்டியலின் சான்றளிக்கப்பட்ட நகல் தேவை. மனு படிவம் 2ஏ, பிரமாணப் பத்திரம் படிவம் 26. டெபாசிட் 25,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 12,500. மனு வாங்குவது காலை 11 முதல் மாலை 3 மணி வரை. வேட்பாளரோடு நான்கு பேர் மட்டும் உள்ளே போகலாம்.

அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்காரருக்கு ஒரு முன்மொழிபவர் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும். பத்துப் பேருமே அந்த மக்களவைத் தொகுதியின் வாக்காளர்களாக இருக்க வேண்டும். (1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். அதே ஆண்டில்தான் டெபாசிட் உயர்ந்தது, பத்துப் பேர் விதியும் வந்தது.) இந்தப் பத்துக் கையெழுத்தை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2017 டிசம்பரில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் சுயேச்சையாக இறங்கிய நடிகர் விஷாலின் மனு, முன்மொழிந்தவர்களில் இருவர் கையெழுத்து தங்களுடையது இல்லை என்று சொன்னதால் தள்ளுபடியானது. 2024-ல் சூரத்தில் காங்கிரஸ் வேட்பாளரின் மனுவும் இதே காரணத்தால் போனது. அங்கே வாக்குப்பதிவே நடக்கவில்லை.

தற்காப்பு இதுதான். ஒருவர் நான்கு மனு வரை கொடுக்கலாம். நான்கிலும் ஒரே பத்துப் பேரைப் போடாமல், குறைந்தது இருபது, முடிந்தால் நாற்பது பேரைப் பிரித்துப் போடுங்கள். டெபாசிட் ஒருமுறை கட்டினால் போதும். ஒவ்வொருவரும் கையெழுத்திடுவதை, அவர்கள் வாக்காளர் அட்டையோடு, காணொளியில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் பழைய பட்டியலைப் பார்த்து எழுதினால் பிழை வரும்; கடைசியாக வெளியான பட்டியலையே பாருங்கள். கைநாட்டு வைப்பவர் தேர்தல் நடத்தும் அலுவலர் முன்னிலையிலோ, அதற்கென அதிகாரம் பெற்றவர் முன்னிலையிலோதான் வைக்க வேண்டும். கூடியவரை கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களையே சேருங்கள். பரிசீலனை நாளில் இந்த முன்மொழிபவர்கள் தொலைபேசியில் கிடைக்கும் நிலையில் இருக்க வேண்டும்.

படிவம் 26-ல் எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. 'இல்லை' அல்லது 'பொருந்தாது' என்று எழுதியே ஆக வேண்டும். அலுவலர் சுட்டிக்காட்டிய பிறகும் காலியாக விட்டால் மனு தள்ளுபடியாகும். நோட்டரி முத்திரை எல்லாப் பக்கத்திலும் இருக்கிறதா பாருங்கள். மனு கொடுத்த கையோடு, வேட்பாளர் எடுக்க வேண்டிய அரசியலமைப்பு உறுதிமொழியும் எடுத்துவிடுங்கள். பரிசீலனைக்கு முந்தைய நாளோடு அதற்கான காலம் முடிந்துவிடும். கடைசி நாளில் மனு கொடுக்கப் போகவே போகாதீர்கள். திருத்த ஒரு நாளாவது கையில் இருக்க வேண்டும்.

சின்னத்துக்கு மூன்று விருப்பங்களை மனுவிலேயே வரிசைப்படுத்திக் கேட்பார்கள். வயதானவர் பார்த்ததும் பெயர் சொல்லக்கூடிய பொருளைத் தேர்ந்தெடுங்கள். 2024-ல் ராமநாதபுரத்தில் சுயேச்சையாக நின்ற ஓ.பன்னீர்செல்வம், அதே பெயரில் வேறு சிலரும் களத்தில் இருந்தும், பலாப்பழம் சின்னத்தில் இரண்டாம் இடம் பிடித்தார். முன்னாள் முதல்வர் என்ற அறிமுகம் அவருக்கு உண்டு. ஆனாலும் எளிதில் நாவில் புரளும் சின்னம் குறுகிய காலத்தில் வீடு வீடாகப் போய்ச் சேரும் என்பதை அங்கே பார்த்தோம்.

பணம்

மனு கொடுப்பதற்கு ஒரு நாள் முன்பாவது தேர்தலுக்கென்றே தனி வங்கிக் கணக்குத் தொடங்க வேண்டும். எல்லா வரவும் அதில் விழுந்து, எல்லாச் செலவும் அதிலிருந்தே போக வேண்டும். தேர்தல் காலம் முழுவதிலும் ஒரே ஆளுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. ஒரே ஆளிடமிருந்து அதற்கு மேல் ரொக்கமாக வாங்கவும் கூடாது. செலவு உச்சவரம்பு 95 லட்சம். புதியவருக்கு வரம்பு பிரச்சினையாக இருக்காது, கணக்கு எழுதாததுதான் பிரச்சினையாகும். ஒருவரை இதற்கென்றே உட்கார வையுங்கள். அவர் வீதிக்கு வர வேண்டாம். தினசரிப் பதிவேடு, ரொக்கப் பதிவேடு, வங்கிப் பதிவேடு மூன்றையும் அன்றன்றைக்கே முடிக்கட்டும். பிரச்சார காலத்தில் மூன்று முறை அதிகாரிகள் பார்ப்பார்கள். டீ, நாற்காலி, வேன், மைக் செட் எல்லாவற்றுக்கும் மாவட்டத் தேர்தல் அலுவலகம் விலைப்பட்டியல் வைத்திருக்கிறது. நண்பர் காரை இலவசமாகக் கொடுத்தாலும் அந்தப் பட்டியல் விலை உங்கள் கணக்கில் ஏறும்.

ஆர்வத்தில் நடக்கிற பெரிய தவறு ஒன்று உண்டு. ஊரில் நாலு இளைஞர்கள் சேர்ந்து தாங்களாகவே ஃப்ளெக்ஸ் அடித்துவிடுவார்கள். வேட்பாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் அவருக்காகச் செலவு செய்வது பாரதிய நியாய சன்ஹிதா 176-ஆவது பிரிவின்படி குற்றம். அனுமதி கொடுத்தால் அது வேட்பாளர் செலவு. உதவ நினைப்பவர் பணத்தைத் தேர்தல் கணக்குக்கு அனுப்பட்டும்; அச்சடிப்பதைத் தேர்தல் முகவர் (வேட்பாளர் தன் சார்பில் நியமிக்கும் ஆள்) பார்த்துக்கொள்வார்.

வெளிநாட்டுத் தமிழர்கள் கேட்பதுண்டு. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் பணம் அனுப்பலாம். வேற்று நாட்டுக் குடியுரிமை பெற்றவர், ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், அனுப்பக் கூடாது. வேட்பாளர் அதை வாங்கினால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் சிக்குவார். சுயேச்சைக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு வருமான வரிச் சலுகையும் கிடையாது. அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கத்தோடு பிரச்சார வண்டியில் போகாதீர்கள். பறக்கும் படை பிடித்தால் பணத்தோடு அன்றைய நாளும் போய்விடும்.

வீதியில்

துண்டறிக்கையில் அச்சகத்தாரின் பெயர், முகவரி, வெளியிடுபவரின் பெயர், முகவரி கட்டாயம். அச்சடித்த எண்ணிக்கையையும் போடுங்கள். அச்சகத்தில் தர வேண்டிய உறுதிமொழியில் உங்களை அறிந்த இருவர் சாட்சிக் கையெழுத்திட வேண்டும். இதை மீறினால் ஆறு மாதம் வரை சிறை உண்டு.

வாக்குப்பதிவு இயந்திரத்தில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் முதலில், பதிவு பெற்ற மற்ற கட்சிகள் அடுத்து, சுயேச்சைகள் கடைசியில். ஒரு கருவியில் நோட்டாவோடு சேர்த்து 16 வரிசைதான். 2024-ல் கரூரில் 54 பேர் நின்றார்கள். அப்படிப்பட்ட இடத்தில் உங்கள் ஆள் மூன்றாவது, நான்காவது கருவியில் இருப்பார். முதல் கருவியில் தேடிவிட்டுக் கிடைக்காமல் வேறு பொத்தானை அழுத்தி வருகிறவர்கள் நிறைய. வரிசை எண் தெரிந்த அன்றே 'மூன்றாவது மெஷின், ஏழாவது பட்டன்' என்பது போல ஒரே வரியில் எல்லா ஜோடிக்கும் சொல்லிக் கொடுங்கள். மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ மாதிரிக் கருவி செய்து காட்டலாம். அது அசலில் பாதி அளவுதான் இருக்க வேண்டும், நிறமும் அசல்போல இருக்கக் கூடாது.

ஒலிபெருக்கி இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது. கூட்டம், வண்டி, மைக் ஒவ்வொன்றுக்கும் 48 மணி நேரம் முன்பே தேர்தல் ஆணையத்தின் 'சுவிதா' இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். வண்டி அனுமதியின் அசல், முன் கண்ணாடியில் ஒட்டியிருக்க வேண்டும். சிறுவர்களிடம் நோட்டீஸ் கொடுத்து அனுப்பாதீர்கள். கோயில், மசூதி, தேவாலய வளாகங்களில் ஓட்டு கேட்காதீர்கள். அரசு ஊழியர் எந்த முகவராகவும் இருக்க முடியாது. இருந்தால் அவருக்கு மூன்று மாதம் வரை சிறை. சமூக வலைதளத்தில் காசு கொடுத்து விளம்பரம் செய்தால் ஊடகச் சான்றிதழ்க் குழுவின் ஒப்புதல் முதலில் வேண்டும்.

வாக்குப்பதிவு நாள்

தேர்ந்தெடுத்த சாவடிகளுக்கு மட்டும் முகவர் போடுங்கள். ஒருவரும், மாற்றிவிட இருவரும் என்று படிவம் 10-ஐ வேட்பாளரோ தேர்தல் முகவரோ கையெழுத்திட்டு முந்தைய நாளே அந்த முகவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். முகவர் அதே சாவடி அல்லது பக்கத்துச் சாவடியின் வாக்காளராக இருப்பது நல்லது. முகம் தெரிந்தால்தான் ஆள்மாறாட்டத்தைப் பிடிக்க முடியும். மாதிரி வாக்குப்பதிவு 90 நிமிடம் முன்பு தொடங்கும். ஏழு மணி வாக்குப்பதிவு என்றால் ஐந்தரைக்கு உள்ளே இருக்க வேண்டும். குறைந்தது 50 வாக்கு போட்டு, எண்ணி, அழித்து, விவிபாட் (வாக்கைச் சீட்டில் அச்சிடும் கருவி) பெட்டியிலிருந்து சோதனைச் சீட்டுகளை எடுத்துவிட்டார்களா என்று பார்க்கட்டும். கைபேசியை வெளியே விட்டுவர வேண்டும்.

வெளியே உங்கள் மேசை 100 மீட்டருக்கு அப்பால்தான். வெள்ளைத் தாள் பூத் சிலிப்பில் பெயரோ சின்னமோ கூடாது. வாக்காளரை வண்டியில் ஏற்றிவருவது, நல்லெண்ணத்தில் செய்தாலும், ஊழல் நடவடிக்கை. வென்றாலும் வழக்கில் பதவி பறிபோகும்.

மாலை ஆறு மணிக்குக் களைத்து எழுந்து வந்துவிடுகிற முகவரால் அன்றைய உழைப்பு பாதி வீணாகும். முத்திரை வைத்த பிறகு தரும் படிவம் 17சி நகலில் பதிவான மொத்த வாக்கும் இயந்திரங்களின் எண்களும் இருக்கும். எண்ணிக்கை நாளில் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான். அதை வாங்காமல் வரக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். அன்றிரவே எல்லா நகல்களையும் ஓரிடத்தில் சேர்த்து, எண்ணிக்கை முகவர்களுக்கு மேசை வாரியாகப் பிரித்துக் கொடுங்கள்.

முடிவு அறிவித்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கை ரசீதுகளோடு மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கொடுக்க வேண்டும். தோற்றவருக்கும், சில நூறு வாக்கு வாங்கியவருக்கும் இது பொருந்தும். கொடுக்காவிட்டால் மூன்று ஆண்டு போட்டியிடத் தடை வரலாம். கணக்கு எழுதியவரை முடிவு வந்த மறுநாளே விடுவித்துவிடாமல், ஒப்புகைச் சீட்டு கைக்கு வரும்வரை வைத்திருங்கள்.