சக்‌ஷன் பொத்தானிலிருந்து விரலை எடுங்கள்

கேமரா உள்ள மெல்லிய குழாயை (ஸ்கோப்) மூச்சுக்குழாய்க்குள் விட்டுப் பார்க்கும் ப்ராங்கோஸ்கோபியைக் கற்க வரும் ஜூனியர் டாக்டர்களிடம் நான் முதலில் சொல்வது: நீல ஒளியில் பார்த்து முடிக்கும்வரை மூச்சுக்குழாய்ச் சுவரில் ஸ்கோப் உரசக் கூடாது.

நீல ஒளி பட்டால் நல்ல சுவர் தானாகவே பச்சையாய் ஒளிரும். மருந்து எதுவும் ஏற்ற வேண்டாம். ஒளிர்வது பெரும்பாலும் மேல்படலத்துக்கு அடியில் இருக்கும் கொலாஜனும் எலாஸ்டினும். புற்று துளிர்க்கும் இடத்தில் படலம் தடிக்கும், ரத்தம் கூடும், பச்சை மங்கும். 1990-களில் வான்கூவரில் ஸ்டீபன் லாம் குழுவினர் கொண்டுவந்த லைஃப் கருவியில் அது செம்பழுப்பு. எங்கள் கருவியில் நாவல்பழம் தின்ற நாக்கின் நிறம். தொல்லை என்னவென்றால் அழற்சி, தழும்பு, ஸ்கோப் உரசிய காயம் எல்லாமே கிட்டத்தட்ட அப்படித்தான் தெரியும்.

நானே ஏமாந்திருக்கிறேன். இடது மேல்மடல் பிரியும் விளிம்பில் பட்டாணி அளவு நாவல் புள்ளி. ஆசையாசையாய் பயாப்ஸி எடுத்தேன். ரிப்போர்ட்டில் புற்று இல்லை, வெறும் ரத்தக்கசிவு. வீடியோவை ஓட்டிப் பார்த்தால், சற்று முன்பு அதே இடத்தில்தான் சக்‌ஷன் பொத்தானை அழுத்திச் சளியை உறிஞ்சியிருக்கிறேன்!

அதனால் மரத்துப்போக வைக்கும் லிக்னோகைனை எடைக்கேற்ற அளவுக்குள், அவசரப்படாமல் விடுங்கள். நோயாளி இருமினால் சுவர்தான் அடிபடும். சளி மறைத்தால் சலைன் கொஞ்சம் விட்டு, ஸ்கோப் முனையை மூச்சுக்குழாயின் நடுவில் நிறுத்தி உறிஞ்சுங்கள். முதலில் வெள்ளை ஒளியில் எல்லாக் கிளைகளும். பிறகு அதே வரிசையில் நீலம். கிளை பிரியும் விளிம்புகளில் நின்று பாருங்கள். ஸ்குவாமஸ் என்ற வகைப் புற்றுக்கு அந்த இடங்கள் மேல் ஒரு கண். சந்தேகப்பட்டதைப் படம் பிடித்து, இடத்தைக் குறித்துவிட்டு நகருங்கள். பயாப்ஸி கடைசியில்தான்: ஒரு துளி ரத்தம் கசிந்தாலும் நீல ஒளியை விழுங்கி, திரை இருண்டுவிடும். ஒவ்வொரு துண்டுக்கும் தனி ஃபார்மலின் பாட்டில், தனி லேபிள்.

இது எல்லோருக்குமான சோதனை அல்ல. சளியில் சந்தேகச் செல்கள் இருந்து எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாதவர், முன்பே நுரையீரல் புற்றுக்கு அறுவை முடிந்தவர், இப்படிப்பட்டவர்களுக்குத்தான் நான் எடுக்கிறேன். நுரையீரல் ஓரத்தில் வளரும் அடினோகார்சினோமா என்ற வகைப் புற்றை ஸ்கோப் எட்டாது. அதற்கு சிடிதான்.

போன மாதம் ஒரு பெரியவர் கேட்டார்: “எல்லாம் பச்சையாத்தானே இருக்குன்னீங்க, அப்புறம் சிடி எதுக்கு சார்?”

“குழாய் போன தூரம் வரைக்கும் பச்சைங்கய்யா” என்று சொல்லி, சீட்டில் சிடி தேதியை எழுதிக் கொடுத்தேன்.